சிவில் வழக்கு விதிகள் மாறியது பழைய வழக்கை எப்படித் தொடும்?

உங்கள் கேள்வி இது: 2018ல் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டீர்கள். எதிருரை, அதாவது எதிர்த்தரப்பு எழுத்தில் தரும் பதில், தாக்கல் செய்ய 90 நாள்தான் கெடு என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் அண்ணன் சம்மன் வாங்கி எட்டு மாதம் கழித்துப் போட்ட எதிருரையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் வாய்தாவுக்கு மேல் வாய்தா. சட்டமெல்லாம் மாறிவிட்டது என்று இப்போது கேள்விப்படுகிறீர்கள். புதிய விதிகள் பழைய வழக்குக்குப் பொருந்துமா, அவற்றைக் காட்டி வழக்கை வேகப்படுத்த முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2024 ஜூலை 1ல் மாறியவை இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றும்தான். சிவில் வழக்குகளின் நடைமுறையை ஆள்வது இன்றும் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதில் உங்கள் வழக்கைத் தொடும் பெரிய மாற்றங்கள் 2002 ஜூலை 1லேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. 2018ல் தாக்கலான வழக்குக்கு அவை முழுசாகப் பொருந்தும். அப்படியிருந்தும் எட்டு மாதம் கழித்து வந்த எதிருரையை ஏன் ஏற்றார்கள்? இது புரிந்தால், எந்த விதியைப் பிடித்தால் பலன் கிடைக்கும், எதைப் பிடித்தால் நேரம்தான் வீண் என்பதும் தெரிந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முன்பகுதியில் 158 பிரிவுகள். நீதிமன்றத்தின் அதிகாரம், மேல்முறையீடு, செலவுத்தொகை போன்ற அடிப்படையான விஷயங்கள் அங்கே இருக்கின்றன. பின்பகுதி முதல் அட்டவணை. அதில் 51 ஆர்டர்கள், ஒவ்வொன்றிலும் பல ரூல்கள். பிராது, அதாவது வழக்குப் போடுபவரின் மனு, எப்படி இருக்க வேண்டும், சம்மன் எப்படிப் போக வேண்டும், சாட்சியை எப்படி விசாரிப்பது என்ற அன்றாட விவரமெல்லாம் இந்த ரூல்களில்தான். பிரிவுகளை நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோதான் மாற்ற முடியும், ஏனென்றால் சிவில் நடைமுறை பொதுப் பட்டியலில் உள்ள விஷயம். ரூல்களை உயர் நீதிமன்றமும் மாற்றலாம். பிரிவு 122 அந்த அதிகாரத்தைத் தருகிறது. அரசின் முன் ஒப்புதல் வேண்டும், அரசிதழிலும் வெளியாக வேண்டும். ஆகவே ஒரே ரூல் தமிழ்நாட்டில் ஒரு மாதிரியும் கேரளாவில் வேறு மாதிரியும் இருக்கக்கூடும். சட்டப் புத்தகத்தில் ரூலுக்குக் கீழே ‘சென்னைத் திருத்தம்’ என்று சிறிய எழுத்தில் இருப்பது இதுதான். ஆனால் 1976, 1999, 2002 திருத்தச் சட்டங்கள் மூன்றும், தங்களோடு முரண்படுகிற பழைய உயர் நீதிமன்றத் திருத்தங்கள் செல்லாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. பழைய புத்தகத்தில் இருக்கும் சென்னைத் திருத்தத்தை இன்றும் உயிரோடு இருப்பதாக நினைத்து வாதாடினால் எதிர்த்தரப்பு எளிதாகத் தட்டிவிடும்.

சரி, 2002க்கு வருவோம்.

1999ல் நாடாளுமன்றம் ஒரு கடுமையான திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. எதிருரைக்கு 30 நாள், அதற்கு மேல் கிடையாது. பிராதையும் எதிருரையையும் பிற்பாடு திருத்த வழிசெய்த ஆர்டர் 6 ரூல் 17 அடியோடு நீக்கம். நாடு முழுக்க வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்து, 2002ல் இன்னொரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து சில முனைகளை மழுக்கியது. பிறகு இரண்டும் சேர்ந்து 2002 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. எதிருரைக்கு 30 நாள், நீதிமன்றம் காரணத்தை எழுதி நீட்டித்தால் சம்மன் கிடைத்த நாளிலிருந்து அதிகபட்சம் 90 நாள் என்று ஆனது. ரூல் 17 திரும்பி வந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்றார்கள். சாட்சியை அவரை அழைத்த தரப்பே கேட்கும் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகவே தாக்கலாக வேண்டும் என்றார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொள்ள வழிகாட்டும் பிரிவு 89 புதிதாக வந்தது.

இதையெல்லாம் எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் முன்னின்றது நம் ஊர்ச் சங்கம், சேலம் வழக்கறிஞர் சங்கம். இன்றும் இந்தியாவில் எந்த நீதிமன்றத்தில் சிவில் நடைமுறையைப் பற்றிப் பேசினாலும் சேலத்தின் பெயர் வந்துவிடுகிறது. 2002 அக்டோபரில் வந்த முதல் தீர்ப்பில் திருத்தங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறைச் சிக்கல்களை ஆராய நீதிபதி எம்.ஜெகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழுவும் அமைத்தது. குழுவின் அறிக்கை வந்தபின் 2005 ஆகஸ்ட் 2ல் இரண்டாவது தீர்ப்பு. உங்கள் அண்ணனின் எதிருரை உள்ளே வந்த கதவு அந்த இரண்டாவது தீர்ப்பில் இருக்கிறது.

ஆர்டர் 8 ரூல் 1 கெடு வைக்கிறது. கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று அந்த ரூலில் ஒரு வரிகூட இல்லை. அதே ஆர்டரின் ரூல் 10ஐப் பார்த்தால், எதிருரை வராவிட்டால் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லலாம், அல்லது தனக்குச் சரியென்று படும் வேறு உத்தரவும் போடலாம் என்று இருக்கிறது. வேறு உத்தரவு என்றால் கால நீட்டிப்பும் அதில் அடக்கம்தானே என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஆகவே 90 நாள் என்பது கட்டாயம் இல்லை, வழிகாட்டும் தன்மையுடையது என்று முடிவு செய்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தது: இது வழக்கமாகத் தூக்கிக் கொடுக்கிற சலுகை கிடையாது, மிகவும் கடினமான, விதிவிலக்கான நிலையில் மட்டுமே 90 நாளைத் தாண்டலாம். நடைமுறையில் அந்த முதல் பாதியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எச்சரிக்கையை மறந்துவிட்டார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. தாமதத்துக்குக் காரணம் கேட்டு, ஆதாரம் பார்த்து, செலவுத்தொகை விதித்து ஏற்பது வேறு. ஒரு வரி மனுவுக்கு ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதுவது வேறு. தீர்ப்பு கேட்டது முதல் வகையைத்தான்.

மூன்று வாய்தா விதிக்கும் அதே கதிதான். தரப்பினரின் சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் மூன்றைத் தாண்டியும் தரலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதற்கு உதாரணமாக அது சொன்னவை போபால் விஷவாயு, குஜராத் நிலநடுக்கம், சுனாமி. திடீரென்று மருத்துவமனையில் சேருவதையும் சொன்னது. ‘வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார்’ என்பது அந்த வரிசையில் இல்லை. வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருப்பது வாய்தாவுக்குக் காரணமாகாது என்று 1976 திருத்தமே எழுதி வைத்துவிட்டது. இந்த வரி ஆர்டர் 17 ரூல் 1ல் இன்றும் இருக்கிறது. உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.

இப்போது 2015 வணிக நீதிமன்றங்கள் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சட்டம் வணிகத் தகராறுகளுக்கு மட்டும் இதே ஆர்டர் 8 ரூல் 1ஐத் திருத்தியது. கெடு 120 நாள் என்று உண்மையில் கூடியது. ஆனால் அதைத் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே பறிபோகும், நீதிமன்றம் அதைப் பதிவில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விளைவையும் சேர்த்தே எழுதினார்கள். ரூல் 10லும் 120 நாளுக்கு மேல் நீட்டிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்று ஒரு வரி சேர்த்துக் கதவை அடைத்தார்கள். 2019ல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றே சொல்லிவிட்டது. 121ஆவது நாள் வந்தால் கதை முடிந்தது. ஒரே ஆர்டர், ஒரே ரூல், இரண்டு வகை வழக்குகளில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. நாளைக் கூட்டியதாலோ குறைத்ததாலோ இந்த வித்தியாசம் வரவில்லை. மீறினால் என்ன என்பதை எழுதியதால் வந்தது. எந்த நடைமுறை விதியைப் படித்தாலும் முதலில் இந்தக் கண்ணோடு படியுங்கள். விளைவு எழுதப்படாத கெடுவை நம்பி உங்கள் வழக்கின் உத்தியை அமைக்காதீர்கள்.

வணிக நீதிமன்ற விதிகளை உங்கள் வழக்குக்குக் கேட்க முடியுமா என்றால், முடியாது. குடும்பச் சொத்தைப் பங்கு பிரிப்பது வணிகத் தகராறு ஆகாது. சொத்து வியாபாரத்துக்கு மட்டுமே பயன்பட்டு, அது தொடர்பான ஒப்பந்தத்தில் தகராறு இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்குள் வரும். வரப்போகும் பயன்பாடு போதாது, உண்மையில் அப்படிப் பயன்பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று 2019லேயே தீர்ப்பு உண்டு. வியாபாரம் செய்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று: 2018 மே மாதத்திலிருந்து அந்தச் சட்டத்தின் குறைந்தபட்ச மதிப்பு ஒரு கோடியிலிருந்து 3 லட்சமாக இறங்கிவிட்டது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்காக இருந்தால், முதலில் பிரிவு 12ஏ-யின் கீழ் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். போகாமல் போட்ட பிராதை நிராகரிக்கலாம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது, நடந்துகொண்டிருக்கும் வழக்குக்குப் புதிய விதி பொருந்துமா என்பது. பொது விதி எளிமையானது. நடைமுறையில் யாருக்கும் நிலைத்த உரிமை கிடையாது. வழக்குப் போட்ட அன்று இருந்த நடைமுறையே கடைசிவரை வேண்டும் என்று கேட்க முடியாது. ஆகவே நடைமுறை மாற்றம் வந்தால் நிலுவை வழக்குக்கும் அன்றிலிருந்து பொருந்தும், திருத்தச் சட்டமே வேறு மாதிரி சொன்னால் ஒழிய. மேல்முறையீட்டு உரிமை மட்டும் வெறும் நடைமுறை இல்லை. அது வழக்குத் தாக்கலான நாளிலேயே பிறந்துவிடும் உரிமை என்று 1957லேயே உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. பின்னால் வரும் சட்டம் வெளிப்படையாகவோ தவிர்க்க முடியாத உட்பொருளாகவோ பறித்தால்தான் அது போகும்.

ஆனால் திருத்தச் சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் காப்புப் பிரிவை, அதாவது பழைய வழக்குகளுக்கு எது பொருந்தாது என்று சொல்லும் பிரிவை, படிக்காமல் இந்தப் பொது விதியைச் சொல்லக் கூடாது. உதாரணமாக, ஆர்டர் 6 ரூல் 17க்கு 2002ல் வந்த நிபந்தனை: சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு பிராதையோ எதிருரையையோ திருத்த முடியாது, உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே எழுப்ப முடியவில்லை என்று காட்டினால் ஒழிய. அந்தத் திருத்தச் சட்டத்தின் பிரிவு 16, அமலுக்கு வரும் நாளுக்கு முன் தாக்கலான பிராதுக்கும் எதிருரைக்கும் இது பொருந்தாது என்று விலக்கு வைத்திருக்கிறது. உங்களுடையது 2018, அதனால் நிபந்தனை முழுசாகப் பொருந்தும். பட்டியலில் ஒரு சொத்து விட்டுப்போயிருந்தாலோ சர்வே எண் தவறாக இருந்தாலோ, முதல் சாட்சியின் பிரமாணப் பத்திரம் தாக்கலாவதற்கு முன்பே திருத்த மனு போட்டுவிடுங்கள். அந்தப் பத்திரம் தாக்கலான கட்டத்திலேயே விசாரணை தொடங்கியதாகக் கணக்கு. பாகப்பிரிவினையில் இது சின்ன விஷயம் இல்லை. எல்லாச் சொத்தும் உள்ளே வரவில்லை, எல்லாப் பங்காளியும் தரப்பாகச் சேரவில்லை என்ற ஆட்சேபம் வழக்கையே கவிழ்க்கும்.

2024ல் வந்த புதிய சாட்சியச் சட்டமும் இதே கேள்விக்குள் வருகிறது. அதன் பிரிவு 170, 2024 ஜூலை 1 அன்று நிலுவையில் இருந்த விசாரணைகளுக்குப் பழைய 1872 சட்டமே தொடரும் என்கிறது. எனவே உங்கள் அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையோ பேச்சுப் பதிவையோ சாட்சியமாக வைக்க வேண்டுமென்றால் மின்னணு ஆவணத்துக்குப் பழைய சட்டம் கேட்கும் பிரிவு 65பி சான்றிதழ்தான் கணக்கு. புதிய சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழ் இரண்டு பகுதிகளாக, நிபுணரின் கையெழுத்தும் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் கேட்கிறது. அது 2024 ஜூலைக்குப் பின் போட்ட வழக்குகளுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான படிவத்தில் தாக்கல் செய்தால், ஆட்சேபம் எழும், அதற்கொரு மனு, அதற்கொரு வாய்தா.

முதல் விசாரணைப் பிரமாணப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 2002க்கு முன் சாட்சி கூண்டில் ஏறி, வக்கீல் கேட்கக் கேட்கச் சொல்வார், நீதிபதி எழுதுவார். நேரம் பிடித்தது உண்மைதான். இப்போது பத்திரம் தயாராகி வருகிறது, சாட்சி கையெழுத்துப் போடுகிறார், ஆவணங்கள் குறியிடப்படுகின்றன, உடனே குறுக்கு விசாரணை. நேரம் மிச்சமானது. ஆனால் பல பத்திரங்கள் பிராதின் நகலாகவே இருக்கின்றன, சாட்சிக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றே தெரிவதில்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே ‘உங்கள் பத்திரத்தில் ஐந்தாவது பத்தியில் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?’ என்று இருந்தால், அங்கே தடுமாறும் சாட்சி அப்புறம் எழுந்திருப்பது கடினம். தயவுசெய்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டுக்கு எடுத்துப்போய் வரிக்கு வரி படியுங்கள். ‘தந்தை இறந்த பின் சொத்துகள் கூட்டு அனுபவத்தில் இருந்தன’ என்று பொதுவாக இருந்தால், யார் எந்த நிலத்தில் பயிர் வைத்தார், வரி யார் கட்டினார், வாடகை யார் வாங்கினார் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வேகப்படுத்துவது பற்றிக் கேட்டீர்கள். 2002 திருத்தத்தில் மூன்று வாய்தா விதியைக் காட்டி வாதாடுவதைவிட, 1976 திருத்தம் கொண்டுவந்த பிரிவு 35பி-யைப் பிடியுங்கள் என்பதே என் கருத்து. ஒரு தரப்பு குறித்த நாளில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் வாய்தா வாங்கினால், அன்று வந்துபோன மறுதரப்பின் செலவை ஈடுகட்டும் தொகையை நீதிமன்றம் விதிக்கலாம். அடுத்த வாய்தாவில் அதைக் கட்டுவது, வழக்கையோ எதிர்வாதத்தையோ மேற்கொண்டு நடத்த முன்நிபந்தனை. கட்டாவிட்டால் அதற்கு மேல் அவர் பங்கெடுக்க முடியாது. விளைவு அங்கே எழுதியிருக்கிறது, அதனால்தான் அது வேலை செய்கிறது. ஒவ்வொரு முறை எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போதும் உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொல்லட்டும், 35பி-யின் கீழ் செலவுத்தொகை கேட்கட்டும். முதல் முறை கிடைக்காது. இரண்டாவது முறையும் கிடைக்காமல் போகலாம். ஆனால் தினக்குறிப்பில் ஆட்சேபம் ஏறிக்கொண்டே போனால், நீதிபதிக்கும் அடுத்த முறை வாய்தா தரக் கை வராது.

இதற்கு அடுத்த வீட்டிலிருக்கும் பிரிவு 35ஏ-யைப் பற்றி ஆசை வைக்காதீர்கள். பொய்யான, தொந்தரவான எதிர்வாதத்துக்கு இழப்பீட்டுச் செலவு தரும் பிரிவு அது. உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976ல் வைத்த தொகை. வணிக வழக்குகளுக்கு மட்டும் இந்த வரம்பை 2015ல் எடுத்துவிட்டார்கள். சாதாரண வழக்குக்காரனுக்கு மட்டும் ஐம்பது வருடத்துக்கு முந்தைய தொகையை வைத்துக்கொண்டு பொய் வழக்குகளைத் தடுக்க முடியும் என்று யாராவது நினைத்தால், அது நியாயமே இல்லை. நாடாளுமன்றம் அடுத்து எதையாவது திருத்துவதாக இருந்தால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் 2002 திருத்தம் நோக்கத்தில் சரியாக இருந்து பலனில் வழுக்கியது. இடைக்கால உத்தரவுகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு ஓடி வழக்கை நிறுத்திவைப்பதைத் தடுக்க, பிரிவு 115 தரும் சீராய்வை, அதாவது கீழ் நீதிமன்ற உத்தரவை உயர் நீதிமன்றம் சரிபார்ப்பதை, சுருக்கினார்கள். மனுதாரருக்குச் சாதகமாக உத்தரவு வந்திருந்தால் வழக்கே முடிந்திருக்கும் என்ற நிலையில் மட்டும்தான் சீராய்வு. ஆனால் அரசியலமைப்பின் 227ஆம் உறுப்பு தரும் கண்காணிப்பு அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டத்தால் குறைக்க முடியாது. எல்லோரும் அந்த வழியில் போகத் தொடங்கினார்கள். உங்கள் வழக்கில் அண்ணன் தரப்பு அப்படிப் போனால் பயப்பட வேண்டாம். மனு தாக்கலானதாலேயே வழக்கு நிற்காது. தடையுத்தரவு கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சார்பு நீதிமன்றம் விசாரணையைத் தொடரலாம்.

சமரசம் பற்றி. பிரிவு 89 வந்தபோது வரைவில் ஒரு பிழை இருந்தது: நீதிமன்றவழித் தீர்வுக்கும் சமரசத்துக்கும் எழுதிய விளக்கங்கள் இடம் மாறியிருந்தன. 2010ல் உச்ச நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டி, மாற்றிப் படிக்க வேண்டும் என்று சொன்னது. குடும்பச் சொத்து, பாகப்பிரிவினை போன்றவை சமரசத்துக்கு ஏற்றவை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இந்த விஷயத்தில் சென்னை முன்னோடி. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை 2005லேயே உயர் நீதிமன்றம் தொடங்கிவிட்டது, இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. சமரசத்தில் முடிந்தால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் பிரிவு 69ஏ-படி கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பி வரும். நீதிமன்றம் அனுப்பாமல் தரப்பினர் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. கூட்டு அனுபவம் என்று சொல்லிப் போட்ட வழக்கென்றால் நீங்கள் கட்டியதே சிறிய நிலையான கட்டணம், அதனால் பணத்துக்காகப் போக வேண்டியதில்லை. போக வேண்டிய காரணம் வேறு: பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு வந்தாலும் நிலம் கைக்கு வராது. அதற்கு இன்னும் இரண்டு படிகள் உண்டு: இறுதி டிக்ரி, பிறகு அதை நிறைவேற்றுவது. சமரசம் இரண்டையும் தாண்டிவிடும்.

அந்த இரண்டு படிகளிலும் அண்மையில் நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன, அவை உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். தீர்ப்போடு முதலில் வருவது முதல்நிலை டிக்ரி. யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் அது சொல்லும். பிறகு நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனர் போய் அளந்து, பிரித்து, அறிக்கை தந்து, இறுதி டிக்ரி. நம் வழக்கம் என்னவென்றால், முதல்நிலை டிக்ரியோடு வழக்கு முடிந்ததாகக் கட்டைக் கட்டிவிடுவார்கள். இறுதி டிக்ரிக்குத் தனி மனு, அதில் மறுபடி எல்லோருக்கும் நோட்டீஸ், மறுபடி ஆள் தேடுதல். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தச் சொன்னது. முதல்நிலை டிக்ரி தந்தவுடன் நீதிமன்றம் தானாகவே இறுதி டிக்ரிக்கான நடவடிக்கைக்கு அடுத்த தேதி போட வேண்டும், தனி மனுவுக்குக் காத்திருக்கக் கூடாது. சட்டத்தின் ஒரு எழுத்தும் மாறாமல் தீர்ப்பால் வந்த மாற்றம் இது. பல இடங்களில் பழைய வழக்கமே தொடர்கிறது. தீர்ப்பு நாளன்று உங்கள் வக்கீல் இதை நினைவூட்டி அங்கேயே தேதி வாங்க வேண்டும்.

அடுத்தது நிறைவேற்றுதல். இந்தியாவில் வழக்காடுபவனின் தொல்லை டிக்ரி கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்ற பொருளில் 1872லேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வருந்தியது. 1976 திருத்தம் ஒரு பெரிய முடிச்சை அவிழ்த்தது: நிலத்தில் இருக்கும் மூன்றாம் ஆள் தடுத்தால், முன்பெல்லாம் தனி வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது ஆர்டர் 21, ரூல் 97 முதல் 101 வரை, எல்லா உரிமைக் கேள்வியையும் நிறைவேற்று நீதிமன்றமே தீர்மானிக்கும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுத வேண்டும் என்றது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சொத்து வழக்கில், நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களின் கணக்கை எல்லா உயர் நீதிமன்றங்களும் திரட்டி ஆறு மாதத்தில் முடிக்க வைக்க வேண்டும் என்று மறுபடி உத்தரவிட்டது. இப்போது கண்காணிப்பு இருக்கிறது என்பதால், உங்கள் இ.பி., அதாவது நிறைவேற்று மனு, தூங்கினால் இந்த உத்தரவைக் காட்டி முன்கூட்டி விசாரிக்க மனுப் போடலாம்.

கடைசியாக, எந்தத் திருத்தமும் தொடாமல் விட்ட, ஆனால் பாகப்பிரிவினைக்காரர்களைத் தொடர்ந்து வீழ்த்துகிற ஒரு விஷயம். இறுதி டிக்ரியை முத்திரைத் தாளில் எழுதி வாங்கினால்தான் அது நிறைவேற்றத் தகுதியாகும். அந்தத் தாளை வாங்கித் தருவதைப் பலர் ‘மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வைத்துவிடுகிறார்கள், தாள் தந்த நாளிலிருந்துதான் 12 வருடக் காலவரம்பு ஓடும் என்ற நம்பிக்கையில். அது தவறு. இறுதி டிக்ரியின் தேதியிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும் என்று 2001ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கொன்றில்தான். ஆகவே இறுதி டிக்ரி வந்த வாரமே மதிப்பைக் கேட்டு, தாளைக் கட்டி, சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.